டீசல் எஞ்சின்களின் திறனையும் முறுக்குவிசையையும் எப்படி ஒப்பிடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு டீசல் கார்களைப் பார்த்திருக்கிறீர்கள். முதல் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 115 குதிரைத்திறனும், 1500 முதல் 2750 சுற்று வரை 260 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவதாக அதன் விவரத்தாள் சொல்கிறது. இரண்டாவது காருக்கு 4000 சுற்றில் 130 குதிரைத்திறன், 2250 சுற்றில் 280 நியூட்டன் மீட்டர். இரண்டு எண்களிலும் இரண்டாவது காரே முந்தி நிற்கிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது முதல் காருக்கே இழுவை அதிகம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எந்த எண்ணை நம்புவது, திறனையா முறுக்குவிசையையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போல அமைந்திருந்தாலும் உங்களுடைய உண்மையான ஐயம் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் எவ்வளவு தருகிறது என்று காட்டும் ஒரு நீண்ட வளைகோட்டிலிருந்து இரண்டே புள்ளிகளை எடுத்துக் கொடுத்தால், அவற்றைக் கொண்டு மீதிக் கோட்டை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பதே அது. எஞ்சின் சோதனைக்கூடத்தில், முறுக்குவிசையை அளக்கும் டைனமோமீட்டர் முன் பல ஆண்டுகள் இத்தகைய வளைகோடுகளை வரைந்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எந்த ஐயத்துக்கும் இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்குவோம். முறுக்குவிசை என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் திருகும் விசையின் அளவு. திறன் என்பது அந்தத் திருகல் எவ்வளவு வேகமாக வேலையாக மாறுகிறது என்பதன் அளவு. இவை ஒரே நிகழ்வின் இரண்டு அளவீடுகள், தனித்தனியான இரண்டு குணங்கள் அல்ல. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைத்துவிடும். விவரத்தாள்களில் வரும் மெட்ரிக் குதிரைத்திறன் ஒவ்வொன்றும் 0.7355 கிலோவாட். ஆகவே, எந்தச் சுற்றிலும் முறுக்குவிசை தெரிந்தால் திறன் தெரியும், திறன் தெரிந்தால் முறுக்குவிசை தெரியும். 'இந்த எஞ்சினில் டார்க் அதிகம், பவர் குறைவு' என்ற பேச்சுக்கு, அந்த எஞ்சின் தன் திறனைத் தாழ்ந்த சுற்றுகளிலேயே தந்துவிடுகிறது, உயர்ந்த சுற்றுகளுக்குப் போவதில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

இந்தச் சூத்திரத்தை உங்கள் இரண்டு கார்களுக்கும் பொருத்திப் பார்ப்போம். முதல் எஞ்சின் 1500 சுற்றில் 260 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால், அந்தச் சுற்றில் அதன் திறன் ஏறத்தாழ 41 கிலோவாட். 2000 சுற்றில் அது 54 ஐத் தாண்டும், 2750 இல் 75 ஐத் தொடும். 4000 சுற்றில் 115 குதிரைத்திறன் என்பது 84.6 கிலோவாட், அதாவது அங்கே முறுக்குவிசை 202 நியூட்டன் மீட்டராக இறங்கியிருக்கிறது. இரண்டாவது எஞ்சின் 2250 சுற்றில் 66 கிலோவாட் தருகிறது. அதே சுற்றில் முதலாவது தருவது 61. ஆக, இரண்டாவது எஞ்சின் தன் சிறந்த புள்ளியில் நிற்கும்போதுகூட முன்னணி 5 கிலோவாட் மட்டுமே. 4000 சுற்றில் இந்த முன்னணி 11 கிலோவாட்டாக விரிகிறது. இதுவரை சொன்னவை எல்லாம் விவரத்தாளில் அச்சான எண்களிலிருந்து நேரடியாக வருபவை.

இரண்டாவது எஞ்சின் 1500 சுற்றில் என்ன தருகிறது என்பது விவரத்தாளில் இல்லை, நீங்கள் ஓட்டும்போது உணர்ந்ததோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உச்ச முறுக்குவிசை 2250 சுற்றில்தான் வருகிறது என்றால், அதற்குக் கீழே டர்போவுக்கு, அதாவது வெளியேற்று வாயுவால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவிக்கு, போதிய வாயு கிடைக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். இத்தகைய எஞ்சின்கள் 1500 சுற்றில் தம் உச்சத்தில் 60 முதல் 65 விழுக்காடு தருவதை நான் சோதனை மேடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்குக்காக 170 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம், அளந்த எண் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அப்படியானால் அந்தச் சுற்றில் திறன் ஏறத்தாழ 27 கிலோவாட். முதல் எஞ்சினின் 41 உடன் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்த வித்தியாசம் சாலையில் என்ன செய்யும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஆட்களுடன் சேர்த்து 1500 கிலோ எடையுள்ள ஒரு கார், உச்ச கியரில் 1500 சுற்றில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகக் கொள்வோம். சமதளத்தில் காற்றின் எதிர்ப்புக்கும் டயர்களின் உருளல் எதிர்ப்புக்குமாகச் சேர்த்து 7 அல்லது 8 கிலோவாட் போதும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 6 மீட்டர் உயரும் ஏற்றம் வந்தவுடன், எடையைத் தூக்குவதற்கு மட்டும் கூடுதலாக 19 அல்லது 20 கிலோவாட் வேண்டும். கியர்களில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் ஏறத்தாழ 30 கிலோவாட் தந்தாக வேண்டும். 41 கிலோவாட் வைத்திருக்கும் முதல் கார் அதே கியரில் ஏறும், வேகத்தைக் கூட்டவும் அதற்கு மிச்சம் இருக்கும். 27 வைத்திருக்கும் இரண்டாவது கார் மெல்ல வேகம் இழக்கத் தொடங்கும், ஓட்டுநர் கியரைக் குறைத்தாக வேண்டும். குறைத்துவிட்டால் அதே கார் முதலாவதை முந்திவிடும் என்பதும் உண்மை. எனவே உங்கள் உணர்வும் பொய்யில்லை, விவரத்தாளும் பொய்யில்லை. இரண்டும் வளைகோட்டின் வெவ்வேறு இடங்களைப் பற்றிப் பேசுகின்றன.

இந்தக் குணத்தை ஒரே எண்ணில் அடக்க விரும்பினால், எஞ்சினின் நெகிழ்ச்சி என்று ஒரு பழைய அளவு உண்டு. உச்ச முறுக்குவிசையை, உச்சத் திறன் வரும் சுற்றில் உள்ள முறுக்குவிசையால் வகுக்க வேண்டும். அதை, உச்சத் திறனின் சுற்றுக்கும் உச்ச முறுக்குவிசை தொடங்கும் சுற்றுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். உங்கள் முதல் எஞ்சினுக்கு இது 3.4 வருகிறது, இரண்டாவதற்கு 2.2. எண் பெரிதாக இருந்தால் கியரை மாற்றாமலேயே அதிக தூரம் சமாளிக்கலாம் என்று கொள்ளலாம். விவரத்தாளில் உள்ள நான்கு எண்களே இதற்குப் போதும் என்பதால், வளைகோடு கைக்குக் கிடைக்காத நேரத்தில் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்.

டீசல் என்றாலே இயல்பாகவே முறுக்குவிசை அதிகம் என்ற நம்பிக்கையையும் இங்கே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் ஒப்பீடுகளில் வரும் குழப்பங்களில் பாதி அங்கிருந்துதான் கிளைக்கின்றன. 1970களின் மெர்சிடிஸ் 240 டி காரில் டர்போ இல்லாத 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் இருந்தது. அது 65 குதிரைத்திறனும் 137 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதே காரின் 2.3 லிட்டர் பெட்ரோல் வடிவம் 109 குதிரைத்திறனும் 185 நியூட்டன் மீட்டரும் தந்தது. கொள்ளளவில் சற்றே சிறிய பெட்ரோல் எஞ்சின் திறனில் மட்டுமல்ல, முறுக்குவிசையிலும் டீசலைத் தெளிவாக வென்றிருக்கிறது. லிட்டருக்கு என்று பிரித்தால் டீசலுக்கு 57 நியூட்டன் மீட்டர், பெட்ரோலுக்கு 80. காரணம் எளிது. டீசல் எஞ்சினில் எரிபொருள் கடைசிக் கணத்தில்தான் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்ளே இருக்கும் காற்று முழுவதோடும் கலக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இருக்கும் காற்றுக்கெல்லாம் ஈடாக எரிபொருளைக் கொடுத்தால் கரும்புகை கக்கும். எனவே காற்றில் ஒரு பகுதியை எப்போதும் மிச்சம் விட்டே எரிக்க வேண்டியிருக்கிறது.

பிஸ்டன் நகரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், நீளமாக இருப்பதால்தான் டீசலுக்கு முறுக்குவிசை என்றும் சிலர் விளக்குவார்கள். இதுவும் பிழையே. பிஸ்டனின் மேல் விழும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது, அந்த விசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் ஸ்ட்ரோக்கில் பாதி. பரப்பையும் ஸ்ட்ரோக்கையும் பெருக்கினால் கிடைப்பது சிலிண்டரின் கொள்ளளவு. கொள்ளளவை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பரப்பு அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது, ஒன்று கூட்டியதை மற்றொன்று கழித்துவிடுகிறது. ஆகவே முறுக்குவிசையை முதன்மையாக முடிவு செய்பவை கொள்ளளவும் சிலிண்டருக்குள் நிலவும் சராசரி அழுத்தமும்தான். ஒரு லிட்டருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பார்ப்பது அந்த அழுத்தத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கொள்ளளவில் வேறுபடும் எஞ்சின்களை ஒப்பிட இதைவிட நேர்மையான அளவு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த அழுத்தத்தை உயர்த்திய கருவி டர்போ. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் முன்கூட்டியே கலந்திருந்த காலத்தில், காற்றை அழுத்தித் திணித்தால் அந்தக் கலவை தானாகவே வெடித்து நாக்கிங் என்ற தட்டலை உண்டாக்கும், அதனால் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. டீசலில் அழுத்தப்படுவது வெறும் காற்று. எரிபொருளே இல்லாதபோது முன்கூட்டி எரிய ஒன்றுமில்லை. எனவே சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் தாங்கும் வரை அழுத்தலாம். மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் 3 லிட்டர் டீசலை இதற்கு நல்ல சான்றாகக் காட்டலாம். டர்போ இல்லாதபோது 172 நியூட்டன் மீட்டர் தந்த அந்த எஞ்சின், 1980 இல் 300 டிடி காரில் டர்போவுடன் 250 தந்தது. 1989 இல் வந்த ஆடி 100 இன் 2.5 லிட்டர் டிடிஐ (எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ டீசல்) எஞ்சின் 265 நியூட்டன் மீட்டர் தந்தது, லிட்டருக்கு 108. வோக்ஸ்வேகனின் 1.9 லிட்டர் டிடிஐ எஞ்சினை எடுத்தால் வளர்ச்சி இன்னும் தெளிவாகத் தெரியும். 90 குதிரைத்திறன் வடிவத்தில் 202 நியூட்டன் மீட்டர், டர்போவின் வாயு வழிகளைச் சுற்றுக்கேற்ப விரித்துச் சுருக்கும் இறகுகள் சேர்ந்த 110 குதிரைத்திறன் வடிவத்தில் 235, பின்னர் எரிபொருள் பீய்ச்சும் அழுத்தத்தை வெகுவாக உயர்த்திய 130 குதிரைத்திறன் வடிவத்தில் 310. மூன்றிலும் உச்சம் வருவது ஏறத்தாழ ஒரே 1900 சுற்றில்தான். மாறியது சிலிண்டருக்குள் அடைத்த காற்றின் அளவும், அந்தக் காற்றை எரிபொருள் பயன்படுத்திக்கொண்ட திறமையும். 1997 இல் ஆல்ஃபா ரோமியோ 156 காருடன் எரிபொருளை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் முறை பயணியர் கார்களுக்கு வந்து, ஒரே எரிதலுக்குள் எரிபொருளைப் பல தவணைகளாகப் பிரித்துப் பீய்ச்ச வழி செய்தது. அது சத்தத்தையும் புகையையும் அடக்கி, இந்த உயர்ந்த அழுத்தங்களை அன்றாடக் கார்களில் பொறுத்துக்கொள்ளத்தக்கவை ஆக்கியது.

அப்படியானால் டீசலின் முறுக்குவிசை 3000 சுற்றுக்கு மேல் ஏன் சரிகிறது? பிஸ்டன் வேகம் தாங்காது என்பது வழக்கமான பதில், ஆனால் கணக்கு அதை ஆதரிக்கவில்லை. 95.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட அந்த 1.9 டிடிஐ 4000 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.7 மீட்டர் மட்டுமே, 6000 சுற்றைத் தாண்டும் பெட்ரோல் எஞ்சின்களில் 19 மீட்டர்கூட எளிதில் வரும். முதன்மையான தடை நேரம். 4000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 15 மில்லிநொடி. பிஸ்டன் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும்போது அழுத்தத்தால் நல்ல பயன் கிடைக்கும் இடைவெளியை 40 பாகை என்று கொண்டால், அது 1.7 மில்லிநொடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் எரிபொருள் பீய்ச்சப்பட்டு, துளிகளாக உடைந்து, ஆவியாகி, காற்றைத் தேடிக் கலந்து எரிந்து முடிக்க வேண்டும். சுற்று கூடக் கூட எரிதலின் வால் நீண்டு, பிஸ்டன் கீழிறங்கிய பிறகும் தொடர்கிறது. அந்த வெப்பம் கிராங்க் ஷாஃப்டைத் திருகாமல் வெளியேற்றுக் குழாய்க்குள் போய்விடுகிறது. இதனுடன் உராய்வு கூடுவது, வால்வுகள் வழியே காற்று நுழைவதற்கு உள்ள தடை, டர்போ தாங்கக்கூடிய உச்ச வேகம், வெளியேற்று வாயுவின் வெப்ப வரம்பு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. உயர் அழுத்தத்துக்காகக் கனமாகச் செய்த பிஸ்டனும் இணைப்புத் தண்டும் சுற்றை மேலும் உயர்த்த விடுவதில்லை. மாஸ்டா 2012 முதல் விற்ற 2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ் டீசல், அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, 14 ஆகக் குறைத்து, அதனால் உறுப்புகளின் எடையையும் குறைத்து, இரண்டு அளவு டர்போக்களை அடுத்தடுத்து வேலை வாங்கி, 4500 சுற்றில் 175 குதிரைத்திறனும் 2000 சுற்றில் 420 நியூட்டன் மீட்டரும் தந்தது. டீசலின் சுற்று வரம்பு பொறியியலால் சற்று நகர்த்தக்கூடியது என்பதற்கு அது சான்று. ஆயினும் பெட்ரோலின் அளவுக்கு நகர்த்த முடியவில்லை.

இனி அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. முறுக்குவிசை அதிகமான டீசல் ஏன் பெட்ரோல் காரிடம் ஓட்டத்தில் தோற்கிறது? ஏழாம் தலைமுறை வோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிடி என்ற டீசல் வடிவம் 1750 முதல் 3250 சுற்று வரை 380 நியூட்டன் மீட்டரும், உச்சமாக 184 குதிரைத்திறனும் தந்தது. ஜிடிஐ என்ற பெட்ரோல் வடிவம் 1500 முதல் 4400 சுற்று வரை 350 நியூட்டன் மீட்டரும், உச்சமாக 220 குதிரைத்திறனும் தந்தது. நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டீசலுக்கு 7.5 நொடி, பெட்ரோலுக்கு 6.5 நொடி. விடை கியரில் இருக்கிறது. ஒரே சாலை வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் 6000 சுற்றிலும் டீசல் எஞ்சின் 4000 சுற்றிலும் ஓடுகின்றன என்றால், பெட்ரோல் காரின் கியர்கள் முறுக்குவிசையை ஒன்றரை மடங்கு கூடுதலாகப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. 6000 சுற்றில் 162 கிலோவாட் என்பது 258 நியூட்டன் மீட்டர், ஒன்றரை மடங்கு ஆனால் 387. 4000 சுற்றில் டீசலின் 135 கிலோவாட் என்பது 322. சக்கரத்தில் வெல்வது எஞ்சின் முனையில் சிறிதாகத் தெரிந்த முறுக்குவிசையே. இந்த இரண்டு எண்களின் விகிதமும் திறன்களின் விகிதமும் ஒன்றாகவே 1.2 வருகின்றன. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காரை எவ்வளவு விசையோடு தள்ள முடியும் என்பதை முடிவு செய்வது அந்தக் கணத்தில் எஞ்சின் தரும் திறன் மட்டுமே என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அதே சமயம் இரண்டு எஞ்சின்களும் 2000 சுற்றில் நின்றால் டீசல் 80 கிலோவாட்டும் பெட்ரோல் 73 கிலோவாட்டும் தருகின்றன. டீசல் கார்களின் உச்ச கியர் சுற்றைத் தாழ்த்துவதற்காக நீளமாக அமைக்கப்படுவது வழக்கம் என்பதால், அந்த முன்னணியிலும் ஒரு பகுதி கியரில் கரைந்துவிடும்.

விவரத்தாளில் '1750 முதல் 3000 வரை' என்று தட்டையான ஒரு மேடையைப் பார்த்தால், அது பெரும்பாலும் எஞ்சினின் இயற்கையான வடிவம் அல்ல, கட்டுப்பாட்டுக் கணினி வெட்டிச் சமன் செய்த வடிவம். கியர்பெட்டியும் கிளட்சும் தாங்கும் அளவுக்கு மேல் எரிபொருளைக் கொடுக்காமல் அது நிறுத்திக்கொள்கிறது. ஒரே எஞ்சின் இரண்டு கியர்பெட்டிகளுடன் இரண்டு எண்களைக் காட்டுவது இதனால்தான். ஹூண்டாயின் 2.2 லிட்டர் சிஆர்டிஐ எஞ்சின் 197 குதிரைத்திறன் வடிவத்தில், கையால் மாற்றும் கியருடன் 421 நியூட்டன் மீட்டரும் தானியங்கிக் கியருடன் 436 நியூட்டன் மீட்டரும் தந்தது, உச்சத் திறன் மாறவில்லை. பல கார்களில் முதல் இரண்டு கியர்களில் முறுக்குவிசை இன்னும் தாழ்த்தப்படுவதும் உண்டு, அதை விவரத்தாள்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

உணர்வைப் பற்றியும் ஒரு சொல். நம் உடல் முடுக்கத்தைவிட முடுக்கத்தின் மாற்றத்தையே கூர்மையாக உணர்கிறது. 1500 சுற்றில் சோர்ந்து கிடந்து 2000 இல் திடீரென எழும் எஞ்சின், இருக்கையில் முதுகை அழுத்துவதால் வலிமையானது போலத் தோன்றும். மேடை போன்ற சீரான வளைகோடு கொண்ட எஞ்சின் சாதுவாகத் தோன்றும், ஆனால் நிறுத்தக் கடிகாரத்தில் அதுவே முந்தியிருக்கும். அதனால் 'இழுவை' என்ற சொல்லை நான் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறேன். உங்கள் கதையில் உணர்வு வழக்கத்துக்கு மாறாகச் சீரான எஞ்சினின் பக்கம் நின்றிருக்கிறது. நீங்கள் தாழ்ந்த சுற்றில், கியர் மாற்றாமல் ஓட்டியிருப்பீர்கள் என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம். இது நான் கேட்டறிந்தது அல்ல, ஊகித்தது.

அச்சிட்ட வளைகோடு முழுமையாகவே கையில் கிடைத்தாலும் அது சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுவே இந்த ஒப்பீட்டின் பெரிய வரம்பு. சோதனை மேடையில் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை முழுச் சுமையில் நிறுத்தி, டர்போவின் அழுத்தமும் வெப்பநிலைகளும் நிலைபெற்ற பிறகே அளவு எடுக்கிறோம். சாலையில் 1500 சுற்றில் மிதியை அழுத்தும்போது டர்போ இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். அது வேகமெடுத்து அழுத்தம் எழும்ப ஒரு நொடியோ இரண்டு நொடியோ ஆகலாம், அதுவரை 260 நியூட்டன் மீட்டர் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். நிலையான அளவீட்டில் ஒன்றுபோல இருந்த இரண்டு எஞ்சின்கள் இந்தத் தாமதத்தில் பெரிதும் வேறுபட்டதைக் கண்டிருக்கிறேன். டர்போவின் அளவு, அதன் சுழலும் பகுதியின் எடை, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் குழாய்களின் நீளம் எல்லாம் இதில் பங்கேற்கின்றன. 2016 இல் ஆடி எஸ்க்யூ7 காரில் மின்சாரத்தால் சுழலும் காற்றழுத்தி ஒன்றைச் சேர்த்து, 1000 சுற்றிலேயே 900 நியூட்டன் மீட்டர் தரச் செய்தது இந்தத் தாமதத்தை விழுங்குவதற்காகவே.

எண்களின் துல்லியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் தரும் எண் 25 பாகை வெப்பமும் 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தமும் உள்ள நிலைக்குத் திருத்தப்பட்டது. உற்பத்தியில் சில விழுக்காடு ஏற்றத்தாழ்வு இயல்பு, ஆகவே 115 க்கும் 118 க்கும் இடையில் வித்தியாசம் தேடுவது வீண். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. நடுச் சுற்றுகளில் டர்போ அதை ஈடுகட்டிவிடும், ஆனால் டர்போ விழித்தெழாத தாழ்ந்த சுற்றுகளில் இழப்பு நன்றாகவே தெரியும். சக்கரங்களை உருளைகளின் மேல் ஓட்டி எடுக்கும் அளவீடுகளில் கியர் இழப்பை 15 விழுக்காடு என்று ஒரேயடியாகக் கூட்டி எஞ்சின் திறனைச் சொல்வது பரவலான பழக்கம், அந்த எண்ணுக்கு உறுதியான அடிப்படை எதையும் நான் கண்டதில்லை. இழப்பு கியருக்கும் எண்ணெயின் வெப்பத்துக்கும் டயருக்கும் ஏற்ப மாறும். அதே உருளை மேடையில், அதே நாளில், அதே காரின் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு அந்த அளவீடுகள் நன்கு உதவும். இரண்டு வெவ்வேறு கார்களுக்குத் தீர்ப்பு எழுத உதவா.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். பெரும்பாலும் 1500 முதல் 2500 சுற்றுக்குள், ஆட்களோடும் சுமையோடும், அடிக்கடி கியர் மாற்றாமல் ஓட்டுபவர் என்றால் முதல் எஞ்சினே உங்களுக்குப் பொருந்தும். அகன்ற சாலையில் வேகமாக முந்திச் செல்வதும், அதற்காகக் கியரைக் குறைத்து 3000 சுற்றுக்கு மேல் கொண்டுபோவதும் உங்களுக்கு இயல்பு என்றால் இரண்டாவது எஞ்சினின் கூடுதல் 11 கிலோவாட் உங்களுக்கு உண்மையாகவே கிடைக்கும். தானியங்கிக் கியர் என்றால் நிலைமை இரண்டாவதன் பக்கம் சற்றுச் சாயும், ஏனெனில் பெட்டி தானாகவே எஞ்சினை அதன் நல்ல சுற்றுகளுக்குக் கொண்டுபோய்விடும். இரண்டு கார்களும் உச்ச கியரில் 1000 சுற்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் போகின்றன என்பதையும் விசாரியுங்கள். அது தெரியாமல் தாழ்ந்த சுற்று ஒப்பீடு முழுமை பெறாது. வாய்ப்பிருந்தால் இரண்டு கார்களையும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரே ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். உச்ச கியருக்கு ஒன்று குறைவான கியரில், 1400 சுற்றில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதியை முழுவதும் அழுத்தி, 2000 சுற்றை எட்ட எத்தனை நொடி ஆகிறது என்று உடன் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே இடத்தில் மூன்றாம் கியரில் 2500 இலிருந்து 3800 வரை இன்னொரு முறை எடுங்கள். அந்த நான்கு நேரங்களையும் இரண்டு கார்களின் கியர் விவரங்களோடு இங்கே எழுதினால், என் ஊகமான 170 நியூட்டன் மீட்டர் எவ்வளவு சரி என்று சேர்ந்தே கணக்கிட்டுப் பார்க்கலாம்.